விழக் கற்றவர்கள்

1877ஆம் ஆண்டு. தோக்கியோவின் நிஹோன்பாஷி பகுதியில், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர் ஒருவரின் வீடு. பத்துப் பாய் விரிக்கும் அளவே உள்ள சிறு கூடம். ஒல்லியான மாணவன் ஒருவனைக் குருநாதர் தூக்கிப் போடுகிறார். எழுந்தவன், இதை எப்படிச் செய்வது என்று கேட்கிறான். அருகே வரச்சொல்லி மறுபடியும் போடுகிறார். கையை எங்கே வைப்பது, காலை எப்படி நகர்த்துவது என்று அவன் விடாமல் கேட்க, மூன்றாம் முறையும் பாயில் விழுகிறான். பிறகுதான் விளக்கம் வருகிறது: பல தடவை செய்தால் தானே வந்துவிடும்.

குருவின் பெயர் ஃபுகுடா ஹச்சினோசுகே. மாணவன் ஜிகோரோ கானோ. கோபேக்கு அருகே மிகாகே என்ற ஊரில், சாக்கே மது வடிக்கும் செல்வக் குடும்பத்தில் 1860ல் பிறந்தவன். படிப்பில் கெட்டிக்காரன், உடம்பில் சிறியவன். பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் அடிபட்டு அடிபட்டு, சிறியவன் பெரியவனை வெல்ல வழி இருக்கிறதாம் என்ற பேச்சைக் கேட்டு ஜுஜுத்சு என்ற போர்க்கலையைத் தேடி அலைந்தவன். அந்த நாட்களில் அவன் உடம்பு முழுக்கக் களிம்பும் பிளாஸ்திரியுமாக இருக்குமாம். அவன் போட்டுக் கிழித்த ஒட்டுப்போட்ட மேலங்கி அவன் பின்னாளில் தோக்கியோவில் நிறுவிய கோடோகான் பயிற்சிப்பள்ளியின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

அன்று அவன் கேட்ட 'எப்படி'தான் பின்னாளில் ஜூடோவாக வளர்ந்தது. எனக்கு வியப்பளிப்பது, அதற்கு விடை கிடைத்த வழி. எறிவதை அறிவதற்கு முன்னால் விழுவதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விழுவது ஆபத்தற்றதாக ஆனபிறகுதான் எறிவதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

முதலில், ஒரு போர்க்கலை எப்படி வைத்தியர் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது? 1868ல் ஷோகன் ஆட்சி முடிந்தது. 1876ல் சாமுராய்கள் பொது இடத்தில் வாள் அணியவும் தடை வந்தது. மானியம் போயிற்று, பழைய கலைகளுக்கு மதிப்பும் போயிற்று. ஆனால் ஜுஜுத்சு ஆசான்களிடம் இன்னொரு கைத்தொழில் இருந்தது. மூட்டைப் பிசகச் செய்யத் தெரிந்தவருக்கு அதைத் திரும்ப உட்கார வைக்கவும் தெரியும். மயங்கியவரைத் தெளிய வைக்கும் 'கட்சு' முறைகளும் அவர்களுடைய பாடத்திலேயே இருந்தன. பலர் எலும்பு வைத்தியர்களாகிப் பிழைத்தார்கள். இதைக் கேள்விப்பட்ட கானோ, எலும்பு வைத்தியர் பலகை தொங்கும் வீடுகளாகத் தேடிப் போய்த்தான் தன் குருவை அடைந்தார். ஜப்பானில் இன்றும் எலும்பு, மூட்டுச் சிகிச்சைக்கு உரிமம் பெற்றவர்களின் பதவிப் பெயரில் 'ஜூடோ' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் காலத்தில் ஜுஜுத்சு ஒரே கலையாக இருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட 'ரியூ'க்கள் இருந்தன. ரியூ என்றால் ஓட்டம், நீரோட்டம்; குருவிடமிருந்து சீடனுக்கு வழிந்து வரும் மரபு. அவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படும் தகெனோஉச்சி ரியூ, 1532ல் இன்றைய ஒக்கயாமா பகுதியில் தோன்றியது. அது கவசம் அணிந்தவர்களின் காலம். கவசத்தின்மேல் முஷ்டியால் குத்தினால் குத்தியவன் விரல்தான் ஒடியும். ஆகவே கட்டிப்பிடித்துச் சாய்த்து, கீழே அமுக்கி, கவசத்தின் இடுக்கில் குறுவாளைச் செலுத்துவதே வழி. பிறகு தோக்குகாவா ஷோகன் ஆட்சியின் நீண்ட அமைதி வந்தது. கவசம் பெட்டிக்குள் போக, கிமோனோவின் கழுத்துப்பட்டியும் கைப்பகுதியும் இடுப்புக்கச்சையும் பிடிமானங்களாயின. கலையும் உடைக்கேற்ப மாறியது. கானோ முதலில் கற்ற டென்ஜின் ஷின்யோ ரியூவில் தாக்குதலும் கழுத்து நெரிப்பும் அமுக்கிப் பிடித்தலும் அதிகம். அதன் பாடத்தில் 124 முறைகள். அடுத்து அவர் கற்ற கிடோ ரியூ, கவசத்தின் நினைவை இன்னும் சுமந்துகொண்டிருந்தது. கனத்த உடம்பைக் கனத்தாலேயே கவிழ்க்கும் நிதானமான எறிதல்கள் அதன் சிறப்பு. யோஷின் ரியூவின் கதை இவற்றுள் அழகானது. நாகசாகி வைத்தியர் ஒருவர், பனிக்காலத்தில் மற்ற மரங்களின் கிளைகள் பனிச்சுமை தாங்காமல் முறிவதையும், வில்லோ மரத்தின் கிளை மட்டும் வளைந்து பனியை உதறிவிட்டு நிமிர்வதையும் கண்டு தன் மரபைத் தொடங்கினாராம். யோஷின் என்றாலே வில்லோவின் உள்ளம்.

ஜூடோவில் வரும் 'ஜூ' என்றால் மென்மை, இணக்கம். இதை மந்திரமாக்கிவிடாமல் ஒரு கணக்காகச் சொன்னது கானோவின் பெருமை. எதிராளியின் வலு 10, என் வலு 7 என்று வைத்துக்கொள்வோம். அவன் தள்ளும்போது எதிர்த்து நின்றால் தோற்பது நான். அவன் தள்ளும் திசையிலேயே விலகிக் கொடுத்தால் அவன் நிலை குலைகிறது; அந்தக் கணத்தில் அவனால் பயன்படுத்த முடிவது 3தான். என் 7 அப்படியே இருக்கிறது. பாதியைச் செலவிட்டாலே போதும்.

பின்னாளில் இந்த விளக்கத்தையும் அவரே திருத்தினார். பின்னாலிருந்து ஒருவன் இறுகக் கட்டிப்பிடித்தால் எதற்கு இணங்கிக் கொடுப்பது? மணிக்கட்டைப் பற்றியவனிடமிருந்து கையைப் பிடுங்குவதும் இணக்கம் அல்ல, நேரடி எதிர்ப்பு. ஆகவே மென்மை என்பது பல வழிகளுள் ஒன்று. எந்த வழியானாலும் உள்ள ஆற்றலை வீணாக்காமல் செலவிடுவதே பொது விதி என்று வகுத்தார். தான் நம்பிய அழகான கருத்துக்கு அது பொருந்தாத இடத்தையும் எடுத்துச் சொன்ன நேர்மைதான் அவரை மற்ற ஆசான்களிடமிருந்து பிரிக்கிறது என்று நினைக்கிறேன்.

நிலை குலைவது என்றால் என்ன? நிமிர்ந்து நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடம்புக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு இரு பாதங்களும் அவற்றின் நடுவே உள்ள தரையும் சேர்ந்த பரப்புக்குள் இருக்கும்வரை ஆள் நிற்பான். வெளியே போனால், கால் எடுத்து வைத்தாக வேண்டும், இல்லையேல் விழ வேண்டும். நாற்காலிக்கு நான்கு கால். நமக்கு இரண்டே. கால்களை எப்படி அகட்டி வைத்தாலும் இரு பாதங்களையும் இணைக்கும் கோட்டுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் இரண்டு திசைகளில் நாம் பலவீனர்கள்தான். எவ்வளவு பெரிய பயில்வானுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஜூடோவில் இந்த நிலைகுலைப்புக்கு 'குஸூஷி' என்று பெயர். முன், பின், இடம், வலம், நான்கு மூலைகள் என எட்டுத் திசைகளிலும் அதைப் பழகுவார்கள்.

கிடோ ரியூ குருவான இய்குபோ எறிவதில் வல்லவர். அவருக்கு நடுத்தர வயது கடந்திருந்தும் கானோவால் அவரை அசைக்க முடிந்ததில்லை. 1885 வாக்கில் ஒருநாள் பயிற்சியில் எல்லாம் தலைகீழாயிற்று. குருவின் வீச்சு ஒன்றும் பலிக்கவில்லை; சீடன் எறிந்ததெல்லாம் பலித்தது. திகைத்துப் போன குரு காரணம் கேட்டார். எதிராளி இழுத்தால் தள்ளி, தள்ளினால் இழுத்து, முதலில் நிலையைக் குலைத்த பிறகே எறிகிறேன் என்று விளக்கினார் கானோ. இனி உனக்குக் கற்றுத்தர என்னிடம் எதுவும் இல்லை என்று இய்குபோ ஒப்புக்கொண்டார். ஃபுகுடாவிடம் மூன்று முறை கேட்டும் கிடைக்காத 'எப்படி'க்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பதில் இது.

குஸூஷியை அடுத்து, எறிவதற்கு ஏற்ற இடத்தில் தன்னைப் பொருத்திக்கொள்ளும் 'த்சுகுரி', அதன்பின் எறியும் 'காக்கே'. மூன்றும் தனித்தனி என்று சொல்லிக்கொடுத்தாலும் தேர்ந்தவரிடம் ஒரே மூச்சில் நடந்துவிடும்.

காலைத் துடைத்து வீழ்த்தும் 'தே ஆஷி பராய்' என்ற உத்தி இதற்கு நல்ல உதாரணம். பார்த்தால் ஒன்றுமில்லை, முன்னால் வரும் எதிராளியின் பாதத்தைத் தன் உள்ளங்காலால் பக்கவாட்டில் தட்டுகிறார், ஆள் மல்லாக்க விழுகிறார். அதே தட்டை அரை நொடி தாமதித்துக் கொடுத்தால் கணுக்கால் வலிப்பதைத் தவிர வேறு பலன் இல்லை. உராய்வு விசை, பரப்பை அழுத்தும் எடையைப் பொறுத்தது. 70 கிலோ ஆளின் முழு எடையும் ஒரு காலில் இறங்கியிருக்கையில், உராய்வுக் கெழு 0.5 என்று கொண்டால், அந்தப் பாதத்தை நகர்த்த ஏறத்தாழ 35 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் இறங்கியிருக்கும் கணத்தில் மூன்றரை கிலோ போதும். ஆனால் அந்தக் கணத்தில் அவர் மனத்தளவில் அந்தக் காலை நம்பி உடம்பை முன்னே கொடுத்துவிட்டார். திரும்பப் பெற வழியில்லை. வாழைப்பழத் தோலில் கால் வைத்தவனின் கதிதான். அந்த ஒரு கணத்தைப் பாதத்தால் உணர்ந்து பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

கோடோகான் இன்று 68 எறிதல்களையும், அமுக்குதல், நெரித்தல், மூட்டுப்பிடி ஆகிய 32 முறைகளையும் அங்கீகரிக்கிறது. இத்தனை எறிதல்களையும் இத்தாலிய உயிர் இயந்திரவியல் அறிஞர் அட்டிலியோ சக்ரிபாந்தி இரண்டே குடும்பங்களாகப் பிரித்தார். ஒன்று நெம்புகோல் குடும்பம். 'செயோய் நாகே' அதில் சேரும். மூட்டை தூக்குபவர் முழங்காலை மடக்கி மூட்டைக்கு அடியில் முதுகைக் கொடுப்பது போல, எதிராளியின் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே தன் இடுப்பைக் கொண்டுபோய், அதையே ஆதாரப் புள்ளியாக்கி, அவன் கையையும் சட்டையையும் முன்னே இழுத்துக் கவிழ்ப்பது. குட்டையானவருக்கு இது வரம்; கீழே போக அவருக்கு அதிக தூரம் இல்லை. இன்னொன்று, இயற்பியலில் 'இரட்டை' என்று படிக்கும் விசைகளின் குடும்பம். எதிரெதிர்த் திசையில் இரண்டு விசைகள். வண்டியின் ஸ்டியரிங்கை இரு கையால் திருப்புவது போல. 'ஓ சோட்டோ காரி'யில் எதிராளியின் மார்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே அவன் காலைப் பின்னாலிருந்து முன்னோக்கி அறுத்தெடுக்கிறார்கள். மேலே ஒரு திசை, கீழே மறு திசை. உடம்பு தன் மையத்தைச் சுற்றியே சுழன்று விழும். இந்தக் குடும்பத்துக்கு முழுமையான நிலைகுலைப்புகூடத் தேவையில்லை, செலவாகும் ஆற்றலும் குறைவு என்பது சக்ரிபாந்தியின் கண்டறிதல். உயரமானவர்கள் இந்த வகையை விரும்புவது தற்செயல் அல்ல.

இனி விழுவதற்கு வருகிறேன். 70 கிலோ உடம்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், மணிக்கு 16 கிலோமீட்டர். அந்த வேகம் முழுவதும் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. கணக்கு எளிது: விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுக்க வேண்டும். பாயும் சதையும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் உடம்பு உணரும் தாக்கம் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு. 2 சென்டிமீட்டர் என்றால் 50 மடங்கு. சிமெண்டுத் தரையில் மண்டை ஓடு அரை சென்டிமீட்டருக்குள் நின்றால் 200 மடங்கு.

'உகெமி' என்ற விழும் கலை இந்தக் கணக்கோடு விளையாடுகிறது. விழும்போது கையை ஊன்றுவது நம் பிறவிக்குணம்; அதனால்தான் வழுக்கி விழுபவர்களுக்கு மணிக்கட்டும் காரை எலும்பும் முறிகின்றன. உகெமி முதலில் அந்தக் குணத்தை மறக்கடிக்கிறது. ஊன்றுவதற்குப் பதிலாக, முழங்கை முதல் உள்ளங்கை வரை முழுக் கையாலும் பாயை அறையச் சொல்கிறது. அடி ஒரு புள்ளியில் இறங்காமல் கை, முதுகு, தொடை எனப் பரவுகிறது. முன்னோக்கி விழுந்தால் கையிலிருந்து தோள், தோளிலிருந்து குறுக்கே எதிர் இடுப்பு என்று உருண்டுவிட வேண்டும். கீழ்நோக்கிய வேகம் சுழற்சியாக மாறுகிறது, நிற்க எடுக்கும் நேரம் நீள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மோவாய் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். தலை தரையைத் தொடவே கூடாது.

விழுவது இப்படிப் பழகிப்போனால், ஒரே எறிதலை ஒரே மாலையில் ஐம்பது முறை முழு வேகத்தில் சோதிக்கலாம். பழைய ரியூக்களின் சிக்கல் இங்கேதான் இருந்தது. கண்ணைக் குத்துவதையும் உயிர்நிலையில் அடிப்பதையும் கழுத்தை முறிப்பதையும் நண்பன்மேல் முழு வேகத்தில் பழக முடியாது. ஆகவே அவை 'கதா' என்ற முன்கூட்டியே தீர்மானித்த அசைவுகளாக மட்டும் வாழ்ந்தன. கட்டற்ற பயிற்சி சில ரியூக்களில் இருந்தது. கானோ கற்ற இரண்டிலுமே உண்டு. ஆனால் அவர் அதையே நடுநாயகமாக்கினார். ஆபத்தான முறைகளைக் கதாவில் பத்திரப்படுத்திவிட்டு, மற்றவற்றை 'ரந்தோரி' என்ற கட்டற்ற பயிற்சிக்குக் கொண்டுவந்தார். கொடிய உத்திகளை விட்டுவிட்டதால் கலை பலவீனமாகும் என்று நினைக்கத் தோன்றும். நேர்மாறாக நடந்தது. எதிர்ப்பவன்மேல் நாள்தோறும் பழகியவன், எதிர்க்காதவன்மேல் மட்டும் பழகியவனைவிடத் தேர்ந்தவனானான். சோதனைக்கு உட்படாத அறிவு எவ்வளவு பயங்கரமானதாக இருந்தாலும் அறிவாகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு எனக்குத் தெரியாது.

1882ல் தோக்கியோவின் எய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலில் கோடோகான் என்ற இந்தச் சோதனைக்கூடம் தொடங்கியது. கானோவுக்கு வயது 21. பன்னிரண்டு பாய்கள், அதாவது ஏறத்தாழ 20 சதுர மீட்டர், ஒன்பது மாணவர்கள். எறியும் அதிர்ச்சியில் முன்னோர்களின் நினைவுப் பலகைகள் மாடத்திலிருந்து சரிந்து விழுவதாகத் துறவி வருந்தினார். தரைக்கட்டைகள் முறிந்தபோது கானோ இரவில் விளக்கோடு தரைக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பழுது பார்த்தார். அவருடைய தேடல் ஜப்பானோடு நிற்கவும் இல்லை. முன்பு ஃபுகுடாவிடம் பயின்ற நாட்களில் ஒரு கனத்த சகமாணவனை வீழ்த்த முடியாமல் தவித்து, முதலில் சுமோ உத்திகளை முயன்று, பிறகு நூலகத்தில் ஒரு மேற்கத்திய மல்யுத்தப் புத்தகத்தைப் புரட்டி, தோளில் சுமந்து கவிழ்க்கும் முறையைக் கண்டெடுத்தார். 'கதா குருமா' என்ற பெயரில் அது இன்றும் ஜூடோவில் இருக்கிறது.

நெரித்தல் முறைகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. மூச்சுக்குழலை அடைப்பதாக நினைக்கிறார்கள். நல்ல நெரிப்பு மூச்சைத் தொடுவதே இல்லை. மேலங்கியின் கழுத்துப்பட்டையால் கழுத்தின் இருபுறமும் உள்ள பெருந்தமனிகளை அழுத்துகிறது. மூச்சுக்குழலை நசுக்கத் தேவைப்படும் விசையில் ஒரு பகுதியே இதற்குப் போதும். உடம்பின் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. கையிருப்பு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பத்து நொடி அளவில் நினைவு தப்புகிறது. அதற்குமுன் இருமுறை தட்டினால் பிடி உடனே விடப்படும். அந்தத் தட்டும் உகெமியைப் போன்றதே: தோல்வியை ஆபத்தற்றதாக்கி, மறுபடியும் எழுந்துவந்து முயல வைக்கும் ஏற்பாடு.

கானோவின் சீடர்கள் உலகெங்கும் போனார்கள். யமாஷிதா அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குக் கற்றுக்கொடுத்தார். மயேதா 1914ல் பிரேசில் சேர்ந்தார். அங்கே ஜூடோ தரைப்போரில் தேர்ந்த பிரேசிலிய ஜியு ஜிட்சுவாக வேறு முகம் கொண்டது. 1929ல் தாகூரின் அழைப்பில் தகாகாகி சாந்திநிகேதன் வந்து மாணவ மாணவியருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடை வரம்பில்லாத பிரிவின் இறுதிப்போட்டியில், 1.98 மீட்டர் உயர நெதர்லாந்துக்காரர் ஆன்டன் கீசிங்க், ஜப்பானின் கமினாகாவைத் தரையில் அமுக்கிப் பிடித்து வென்றார். அரங்கமே உறைந்தது. கீசிங்க் வெறும் ராட்சசன் அல்ல, ஜப்பானிலேயே ஊன்றிப் பயின்றவர். 10க்கும் 7க்கும் இடையிலான கணக்கு, 10 உள்ளவனும் அதே நுட்பத்தைக் கற்றுக்கொண்டால் செல்லாது. எடைப்பிரிவுகள் ஏன் தேவை என்பதற்கு அந்தப் பிடியே விளக்கம்.

இதை எழுதும்போது ஒதுக்கிவிட்டுப் போக முடியாத ஒன்று இருக்கிறது. 1983க்குப் பிறகான முப்பது ஆண்டுகளில் ஜப்பானின் பள்ளிகளில் ஜூடோ பயிற்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். நகோயா பல்கலைக்கழகத்தின் ரியோ உச்சிடா பதிவேடுகளைத் தோண்டி இதை வெளிக்கொண்டு வந்தார். பலர் முதல் ஆண்டு மாணவர்கள். தலைக்காயங்களில் அடிக்கடி வரும் பெயர் ஓ சோட்டோ காரி. மல்லாக்கச் சுழன்று விழும்போது, மோவாயை ஒட்டி வைக்கத் தெரியாத குழந்தையின் தலை சாட்டை நுனிபோலக் கடைசியில் வேகமெடுத்துப் பின்னால் போகிறது. தலை பாயில் மோதவே வேண்டியதில்லை. சுழற்சி திடீரென்று நிற்கும்போது மண்டை ஓடு நின்றுவிட, மூளை தொடர்ந்து நகர்கிறது. இரண்டையும் இணைக்கும் மெல்லிய சிரைகள் கிழிகின்றன. மூளையின் உறைக்கு அடியில் இரத்தம் கட்டுகிறது. மென்மையின் பெயரால் தோன்றிய கலையில், விழக் கற்பதற்கு முன்பே எறியப்பட்ட குழந்தைகள் இவர்கள். மனம் பதறுகிறது. பிரான்சில் ஜப்பானைவிட அதிகம் பேர் ஜூடோ சங்கங்களில் பதிந்து பயில்கிறார்கள். அங்கே 1955லேயே சட்டம் போட்டு, பட்டயம் பெற்றவர் மட்டுமே கற்பிக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஜப்பானில் பிள்ளைகளை இழந்த பெற்றோர்கள் ஒன்றுகூடிப் போராடிய பிறகு, பயிற்றுநர் தகுதிமுறையும் தலைக்காய எச்சரிக்கைகளும் வந்தன. மரணங்கள் குறைந்தன.

நல்ல பயிற்சிக்கூடங்களில் முதல் சில வாரங்கள் யாரும் யாரையும் எறிவதில்லை. குழந்தைகள் வரிசையாகப் பாயில் மல்லாந்து படுத்துக்கொள்கிறார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ண எண்ண, இரு கைகளாலும் பாயை அறைகிறார்கள். பிறகு குந்தியிருந்து விழுகிறார்கள், பிறகு நின்று விழுகிறார்கள். மோவாயை ஒட்டு, கழுத்தை இறுக்கு என்றெல்லாம் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கு விளங்காது. ஆகவே பயிற்றுநர் ஒன்றே ஒன்று சொல்வார்: விழும்போது உன் கச்சையின் முடிச்சைப் பார். பிள்ளை தலையை உயர்த்தி, இடுப்பிலிருக்கும் வெள்ளை முடிச்சைப் பார்த்துக்கொண்டே பின்னால் சாய்கிறது.